பெயர் தெரியாத வேட்பாளரும் பனிக்கால வாக்காளரும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் என்றதும் எல்லோருக்கும் நவம்பர் மாதம்தான் நினைவுக்கு வரும். இரண்டு பெரிய கட்சிகள், இரண்டு வேட்பாளர்கள், விடிய விடிய வாக்கு எண்ணிக்கை. நான் பேச வந்திருப்பது அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு, கடும் பனியில், இரண்டு சின்ன மாநிலங்களில் நடக்கும் கூத்தைப் பற்றி. அயோவா, நியூ ஹாம்ப்ஷயர். இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுவதும் இவற்றையே சுற்றி வரப் போகிறேன்.

அயோவாவில் சோளக் காடுகளும் பன்றிப் பண்ணைகளும் அதிகம். மக்கள்தொகை 32 லட்சம். நியூ ஹாம்ப்ஷயர் வடகிழக்கு மூலையில் மலையும் காடுமாகக் கிடக்கும் மாநிலம்; 14 லட்சம் பேர். முப்பத்து நான்கு கோடி மக்கள் வாழும் நாட்டில் இவை எம்மாத்திரம்? ஆனாலும், பணமில்லாத, பெயர் தெரியாத, பத்திரிகைகள் ஏறெடுத்தும் பார்க்காத ஒருவர் அமெரிக்க அதிபராக வேண்டுமானால், அவருக்கு வழி இந்த இரண்டு மாநிலங்களில்தான் இருந்தது. அதைத்தான் நான் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறேன். இன்றும் சொல்கிறேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சியின் வாக்காளர்களே, ஒரு மாநிலத்துக்குப் பின் ஒரு மாநிலமாக, தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது பெட்டியில் வாக்குப் போடும் பிரைமரி. அயோவாவில் காக்கஸ். அதாவது கூட்டம் கூடி முடிவெடுப்பது. பள்ளிக்கூட அறையில், தேவாலயத்தின் அடித்தளத்தில், சில சமயம் யாராவது ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் அந்தப் பகுதிக்காரர்கள் மாலையில் ஒன்றுகூடுவார்கள். ஜனநாயகக் கட்சியின் காக்கஸில் நீண்ட காலம் இரகசிய வாக்கே கிடையாது. இன்னாருக்கு ஆதரவு என்றால் இந்த மூலையில் போய் நில், அன்னாருக்கு என்றால் அந்த மூலை. வந்தவர்களில் 15 விழுக்காட்டினராவது சேராத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம் என்பது விதியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “எங்கள் பக்கம் வாருங்கள்” என்று கையைப் பிடித்து இழுப்பார். இதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வெளியே உறைபனி. உள்ளே இரண்டு மணி நேரம் ஊரார் முன்னிலையில் நிற்க வேண்டும். யார் வருவார்கள்? மனதார ஒருவரை நம்புகிறவர்தான் வருவார். தொலைக்காட்சி விளம்பரம் பார்த்துத் தலையாட்டியவர் வர மாட்டார்.

இனி ஜிம்மி கார்ட்டரின் கதைக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த கதை என்பது ஒரு காரணம். மற்றக் கதைகளை எல்லாம் அளக்கும் படி இதுதான் என்பது இன்னொரு காரணம்.

கார்ட்டர் ஜார்ஜியா மாநிலத்தின் ஆளுநர். பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் நிலக்கடலை விவசாயக் குடும்பம். 1974 டிசம்பரில் அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். “எந்த ஜிம்மி?” என்று பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். அவர் முதலில் தம் தாயாரிடம் இதைச் சொன்னபோது, “எதற்கு அதிபர்?” என்று அந்த அம்மையார் கேட்டதாகச் சொல்வார்கள். பெற்ற தாய்க்கே அப்படி என்றால் அயோவா விவசாயிக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒன்றைக் கவனியுங்கள். 1975 ஜனவரியில் அவருடைய ஆளுநர் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு முறை ஆளுநராக இருக்க அன்றைய ஜார்ஜியா சட்டம் இடம் தரவில்லை. போட்டியிட்ட மோ யூடால், பர்ச் பை, ஹென்றி ஜாக்சன் எல்லோரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள். வாஷிங்டனை விட்டு நகர முடியாதவர்கள். கார்ட்டருக்கோ நாள் முழுவதும் கையில் இருந்தது. பெயர் தெரியாத வேட்பாளரின் முதல் மூலதனம் அவருடைய நேரம்.

அந்த நேரத்தை அவர் எங்கே செலவழித்தார் தெரியுமா? 1975 பிப்ரவரியில், லமார்ஸ் என்ற அயோவா ஊரில், மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஒரு பெண்மணி ஓய்வு பெற்றதற்காக விருந்து வைத்தார்கள். அதற்குப் பேச்சாளராகப் போனார் கார்ட்டர். அதிபர் பதவிக்கு நிற்பவர் ஓர் அலுவலரின் பணிநிறைவு விழாவுக்கு! டெமாயின் நகரில் அவருக்காக ஒரு வரவேற்பு ஏற்பாடு செய்தபோது உணவு மிஞ்சியது. வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் முகம் சுளிக்கவில்லை. வெளியே வந்து கடை கடையாக ஏறி இறங்கிக் கைகொடுத்தார். ஓட்டலில் தங்கப் பணமில்லை. ஆதரவாளர்களின் வீடுகளில் தங்கினார். காலையில் தாம் படுத்த படுக்கையைத் தாமே மடித்து ஒழுங்குபடுத்திவிட்டுப் புறப்படுவார். அந்த வீட்டுக்காரர்கள் இதை ஊரெல்லாம் சொன்னார்கள். சொல்லாமல் இருப்பார்களா? நாளை அதிபராகப் போகிறவர் நம் வீட்டுப் படுக்கையைச் சரிசெய்துவிட்டுப் போனார் என்றால், அந்தக் குடும்பம் பனியில் நடந்துபோய் அவருக்காக மூலையில் நிற்காதா? நம் ஊர் உள்ளாட்சித் தேர்தலில் வார்டு வேட்பாளர் வாசலில் வந்து நின்று குடும்பத்தார் பெயரைச் சொல்லி விசாரிப்பாரே, அந்த அளவுக்கு இறங்கி வந்தது அதிபர் தேர்தல்.

1975 அக்டோபரில் ஏம்ஸ் நகரில் ஜனநாயகக் கட்சியின் நிதி திரட்டும் விருந்து நடந்தது. அங்கே ஒரு மாதிரி வாக்கெடுப்பு. கார்ட்டரின் ஆட்கள் முன்கூட்டியே ஆள் திரட்டி வந்திருந்தார்கள். 23 விழுக்காடு, முதலிடம். நியூயார்க் டைம்ஸ் நிருபர், அயோவாவில் கார்ட்டர் முந்துகிறார் என்று எழுதினார். அதுவரை அவரைத் திரும்பிப் பார்க்காத மற்றப் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன.

1976 ஜனவரி 19 அன்று காக்கஸ். சுமார் 38 ஆயிரம் பேர் வந்தார்கள். முடிவைக் கேளுங்கள்: கார்ட்டருக்கு ஏறத்தாழ 28 விழுக்காடு. அவரைவிட அதிகம் பெற்றது யார்? யாருமே இல்லை! “இன்னும் முடிவு செய்யவில்லை” என்று சொன்னவர்கள் 37 விழுக்காடு. பெயருள்ள வேட்பாளர்களில் அடுத்து வந்த பர்ச் பைக்கு 13. ஆக, முடிவெடுக்காதவர்களுக்குப் பின்னால் இரண்டாமிடம் வந்த ஒருவர்தான் நாடு முழுவதும் வெற்றியாளர் ஆனார். அன்று இரவு அவர் அயோவாவில் இல்லை, நியூயார்க்கில் இருந்தார். விடிந்ததும் தேசியத் தொலைக்காட்சிகளின் காலை நிகழ்ச்சிகளில் முகம் காட்ட வேண்டுமல்லவா?

அடுத்து நியூ ஹாம்ப்ஷயர், பிப்ரவரி 24. ஜார்ஜியாவிலிருந்து தொண்ணூறு பேர் அளவில், பனியையே அதிகம் பார்த்திராத தென்னாட்டுக்காரர்கள், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். ‘நிலக்கடலைப் படை’ என்று அவர்களுக்குப் பெயர். ஊர் திரும்பிய பிறகு, சந்தித்தவர்களுக்குக் கைப்படக் கடிதமும் எழுதினார்கள். கார்ட்டர் 28 விழுக்காடு, யூடால் 23. இங்கே இன்னொரு கணக்கைப் பாருங்கள். யூடால், பை, ஃப்ரெட் ஹாரிஸ், சார்ஜென்ட் ஷ்ரைவர் ஆகிய நால்வரும் ஒரே தாராளவாத வாக்கைப் பங்கு போட்டார்கள். சேர்த்தால் 57 விழுக்காடு. நடுவில் கார்ட்டர் தனி ஆள். பெயர் தெரியாதவருக்கு எதிரிகள் கூட்டமாக இருப்பதுதான் நல்லது. ஒரே ஒரு பெரிய மனிதர் எதிரே நின்றால் பாடு திண்டாட்டம்.

அந்த நவம்பரில், பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை, மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் கணக்கில் 297க்கு 240 என்று வென்று கார்ட்டர் அதிபரானார்.

இதிலிருந்து நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மாநிலங்களில் எத்தனை வாக்கு வாங்கினார் என்பதைவிட, எத்தனை வாங்குவார் என்று எதிர்பார்த்தார்கள் என்பது முக்கியம். 1968ல் வியட்நாம் போரை எதிர்த்து, பதவியில் இருந்த தம் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனை எதிர்த்தே நியூ ஹாம்ப்ஷயரில் நின்றார் யூஜீன் மெக்கார்த்தி. வாங்கியது 42 விழுக்காடு; ஜான்சனுக்கு 49. கணக்குப்படி மெக்கார்த்தி தோற்றார். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள், மார்ச் 31 அன்று, மறுபடி நிற்கப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்துவிட்டார். தோற்றவர் வென்றார், வென்றவர் விலகினார். 1952ல் அதிபர் ட்ரூமனும் இதே மாநிலத்தில் எஸ்டிஸ் கெஃபாவரிடம் தோற்ற பிறகுதான் ஒதுங்கிக்கொண்டார்.

சரி, முதல் மாநிலத்தில் பெயர் வந்துவிட்டது. அப்புறம்? அங்கேதான் பலர் விழுந்தார்கள்.

1984ல் ஜனநாயகக் கட்சியின் கேரி ஹார்ட். அயோவாவில் வால்டர் மாண்டேல் 49 விழுக்காடு, ஹார்ட் வெறும் 16. ஆனாலும் இரண்டாமிடம். விண்வெளி வீரர் ஜான் க்ளென் இரண்டாவதாக வருவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் காணாமல் போனார். எட்டே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹார்ட், மாண்டேலை ஏறத்தாழப் பத்து விழுக்காடு வித்தியாசத்தில் வென்றார். எதிர்பாராத வெற்றி. ஆனால் பின்னால் வரும் சில மாநிலங்களில் அவர், வேட்பாளரை முடிவு செய்யும் கட்சியின் தேசிய மாநாட்டில் தமக்கு வாக்களிக்க வேண்டிய பிரதிநிதிகளின் பட்டியலைக்கூட முழுமையாகத் தாக்கல் செய்திருக்கவில்லை. மக்கள் வாக்குப் போடத் தயார். அந்த வாக்கைப் பிரதிநிதிகளாக மாற்ற ஆள் இல்லை. மாண்டேலுக்குத் தொழிற்சங்கங்களும் கட்சி அமைப்பும் இருந்தன. மாண்டேல்தான் வேட்பாளர் ஆனார்.

2012ல் குடியரசுக் கட்சியின் ரிக் சான்டோரமுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவராது, அது வேறு. அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் ஒரு தொண்டரின் வண்டியில் சுற்றி வந்தார். காக்கஸ் இரவில் மிட் ராம்னி 8 வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்தபோது சான்டோரம் 34 வாக்கு முன்னால் இருந்தார். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயரும் முடிந்துவிட்டது. மறுநாள் காலைச் செய்தியில் அவருக்குச் சேர வேண்டிய வெற்றி இன்னொருவர் பெயரில் போய்விட்டது. கார்ட்டர் நியூயார்க்குக்குப் பறந்தாரே, எதற்கு என்று இப்போது புரியும்.

அதே 2012 காக்கஸில் ரான் பால் மூன்றாமிடம், 21 விழுக்காடு. அவருடைய ஆட்கள் வேறு வேலை செய்தார்கள். அன்றிரவு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாவட்ட மாநாட்டுக்குப் போனார்கள், மாநில மாநாட்டுக்குப் போனார்கள், ஒவ்வொரு படியிலும் தங்கள் ஆளையே தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் அயோவாவின் 28 தேசியப் பிரதிநிதிகளில் 22 பேர் ரான் பால் ஆதரவாளர்கள். மூன்றாமிடம் வந்தவருக்கு! பொறுமையான தொண்டர் படை எதைச் சாதிக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் நாட்டுக்கு மொத்தம் 2,286 பிரதிநிதிகள். அந்தக் கடலில் 22 பேர் கரைந்துவிட்டார்கள்.

கால இடைவெளியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்; நேரம் ஓடிவிட்டது, சுருக்கிவிடுகிறேன். 1976ல் அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே ஐந்து வாரம் இருந்தது. முதல் வெற்றிக்குப் பிறகு நிதி திரட்ட, ஆள் சேர்க்க அவகாசம் இருந்தது. ஒருவர் 1,000 டாலருக்கு மேல் நன்கொடை கொடுக்கக் கூடாது என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டமும் சிறியவருக்குக் கைகொடுத்தது. 2008ல் அந்த இடைவெளி ஐந்து நாள். அடுத்த நான்கு வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்தன. ஒபாமா தாக்குப்பிடித்தார் என்றால், அவர் அயோவாவுக்கு வரும்போதே கையில் பெரும் நிதி இருந்தது.

அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் பெரும்பாலோர் வெள்ளையர். நாட்டின் முகம் அதுவல்ல என்ற குறை நியாயமானது. மறுக்க மாட்டேன். அதே அயோவாதான் 2008ல் ஒபாமாவை முதலில் தேர்ந்தெடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020ல் அயோவா ஜனநாயகக் கட்சியின் முடிவுகள் ஒரு செயலியின் கோளாறால் நாள்கணக்கில் தாமதமாயின. பைடன் அங்கே நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம், பிறகு கறுப்பின வாக்காளர்கள் நிறைந்த தென் கரோலினாவில் பெருவெற்றி. 2024ல் அவருடைய கட்சி தென் கரோலினாவையே முதலாவதாக வைத்தது.

நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். முதலில் எந்த மாநிலம் வந்தாலும் எனக்குச் சம்மதம். அது ஒரு வேட்பாளர் தம் காலால் சுற்றி முடிக்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். அடுத்த மாநிலத்துக்கு மூன்று வாரமாவது இடைவெளி விடட்டும். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள், பணிநிறைவு விருந்துக்குப் போன அந்த முன்னாள் ஆளுநருக்கு அதில் எங்கே இடம் என்று சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.