கேம்ப் ஃபயருக்கு மறுநாள் காலை

(மலைப்பகுதியில் விடுதி நடத்துவோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு, 'சூழல் சுற்றுலாவில் பங்குதாரர் நலன்களைச் சமன்செய்தல்'. பங்குதாரர் என்றால் பணம் போட்டவர் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் பத்திரத்தில் எழுதுகிற பழைய வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன்: பாத்தியதை, அதாவது உரிமை. கிணற்றுப் பாத்தியதை, தடப் பாத்தியதை என்கிறோமே, அதுதான். தோட்டத்தை நீங்கள் வாங்கலாம். பக்கத்துக்காரர் நடக்கிற தடம் உங்களுக்குச் சொந்தமாகாது.

நான் நாலு அறையோடு தொழில் ஆரம்பித்த வருஷம். சனிக்கிழமை ஒரு கம்பெனிக் கூட்டம் வந்தது. கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர், ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் ஆட்டம். வந்தவர்களுக்குச் சந்தோஷம். ஜீப்காரருக்கு இரண்டு டிரிப். விறகு போட்டவருக்கும் காசு, எனக்கும் காசு. இதைவிட என்ன சமன் வேண்டும்?

மறுநாள் சமையலுக்கு வரும் அக்கா பத்தரைக்குத்தான் வந்தார். "உங்க பாட்டுச் சத்தத்துக்கு ஆன ஓடைப் பக்கம் எறங்கல, அண்ணா. எங்க தடத்துல வந்து நின்னுக்கிச்சு. விடிஞ்சும் போகல. புள்ளைங்கள வெளிய விடாம உக்காந்திருந்தோம்" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் அரைநாள் சம்பளம் பிடித்தேன். அதையும் இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும்.

சத்தமும் வெளிச்சமும் கரண்ட் வேலியும் யானையை இல்லாமல் ஆக்குவதில்லை, வேறொருவர் வாசலுக்குத் தள்ளிவிடுகின்றன. அந்த வாசல்காரருக்கு நம் ரசீதில் ஒரு பைசா வரவும் கிடையாது.

நீலகிரியில் மசினகுடிப் பக்கம் இருக்கிற சீகூர் கதை உங்களுக்கே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவில் யானை போய்வரும் இடம். 2010ல் அரசு அதை வழித்தடமாக அறிவித்தது. விடுதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் அறிவிப்பு செல்லும் என்றது. 2018 ஆகஸ்டில் விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில், மசினகுடியில் எரிகிற டயரை யானை மேல் வீசிய வீடியோவைப் பார்த்தோம். அந்த யானை செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு நம் தொழிலைப் பற்றி வெளியே யார் என்ன பேசினாலும் நம்மால் வாயைத் திறக்க முடியவில்லை.

முதலில் எண்ணிக்கை, பிறகுதான் பங்கு என்பது என் கட்சி. நாம் எண்ணிக்கையைப் பேசாமலே விட்டதால் கோர்ட் பேசியது. 2025 ஏப்ரல் சீசனுக்கு இ-பாஸில், அதாவது மலைக்கு வரும் வண்டிகள் ஆன்லைனில் வாங்கும் அனுமதியில், கோர்ட் வைத்த வரம்பு: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் கடையை அடைத்தார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் எத்தனை வண்டியை இந்த மலை தாங்கும் என்று அதற்கு முன்னால் எந்தச் சங்கக் கூட்டத்தில் நாம் கேட்டோம்?

தேக்கடியில் வேறு மாதிரி நடந்தது. காட்டுக்குள் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்து விற்றவர்கள் மேல் வழக்கு மேல் வழக்கு. 1996க்குப் பிறகு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்களையே குழுவாக்கி, நடைப்பயணத்துக்கு வழிகாட்டிகளாக்கினார்கள். ஒரு குழுவில் கொஞ்சம் பேர்தான், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் கூட வருவார். அவர்கள் கூட்டிப்போகிற பயணமே காட்டுக்கு ரோந்தும் ஆயிற்று. எந்தப் புதரில் யார் ஒளிவார்கள் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

என் இடத்தில் இப்போது ஸ்பீக்கர் இல்லை, நெருப்பு இல்லை. ஒரு நாளைக்கு எட்டு பேர், அவ்வளவுதான். சாயங்காலம் அக்கா, "இன்னிக்கு யாரும் வெளிய நடக்க வேண்டாம்" என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போன மாதம் ஒருவர், "யானையைக் காட்டவே இல்லையே" என்று ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். என் லாபத்தில்தான் குறைத்தேன், அக்கா சம்பளத்தில் கைவைக்கவில்லை.

ஜீப்காரர்களுக்கு மட்டும் இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிறவரிடம் டிரிப்பைக் குறை என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? அவர்களில் ஒருவரைக்கூட இந்த மண்டபத்தில் காணோம். அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள். எனக்குக் கொடுத்த நேரத்தை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள்.