நாணில் எந்த விரல்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவும் நிலையும் யன்னலும் செய்வதுதான் தொழில். அதோடு 15 வருடமாக மூங்கிலிலும் கமுகிலும் வில் செய்து வருகிறேன். பின்னேரங்களில் பட்டறைக்குப் பின்னால் உள்ள காணியில் ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் வந்து எய்து பழகுவார்கள். உரப்பைக்குள் பொச்சு மட்டையை இறுக்கி அடைத்து வைத்திருக்கிறோம், அதுதான் இலக்கு. இன்றைக்குப் பேசக் கூப்பிட்டபோது, அங்கே வருகிற எல்லாரும் முதல் நாளே கேட்கிற கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். நாணை எந்த விரலால் பிடிப்பது?

ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் விளையாட்டு வில்லைக் கொடுத்துப் பாருங்கள். வேலியில் ஒரு தடியை முறித்துத் தங்கூசியை இழுத்துக் கட்டினால் வில். தென்னோலையில் ஈர்க்கு வார்ந்தால் அம்பு. நாங்கள் எல்லாரும் செய்து விளையாடியதுதானே. அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஈர்க்கின் வாலைக் கிள்ளிப் பிடித்து, நாணோடு சேர்த்து இழுக்கும். உப்புக் கிள்ளுகிற மாதிரி. நான் பார்த்த பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

எட்வர்ட் மோர்ஸ் என்று ஓர் அமெரிக்க விலங்கியலாளர் இருந்தார். யப்பானில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். யப்பானியர் நாணைப் பெருவிரலால் இழுப்பதும், தன்னுடைய நாட்டார் மற்ற விரல்களால் இழுப்பதும் அவருக்குப் பெரிய வியப்பு. பிறகு உலகத்தில் எந்த எந்த மக்கள் நாணை எப்படிப் பிடித்தார்கள் என்று தேடித் தேடிச் சேர்த்து, 1885இல் ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து வகையாகப் பிரித்தார். அதில் முதல் வகையே நம்முடைய பிள்ளைகளின் கிள்ளிப் பிடிதான். ஆதிப் பிடி என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்.

கிள்ளிப் பிடிப்பதில் என்ன குறை? ஈர்க்கு வில்லுக்கு ஒரு குறையும் இல்லை. வில்லின் இழுவை, அதாவது நாணை இழுக்க வேண்டிய பலம், கூடக் கூடத்தான் சிக்கல். இரண்டு விரல் நெரிக்கிற பிடிமானம் மட்டும்தான் நாணைத் தாங்குகிறது. கொஞ்சம் பலமான வில் என்றால், முழுக்க இழுக்க முன்பே அம்பின் வால் விரலுக்குள்ளால் வழுகிப் போய்விடும். வியர்த்த கை என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் பலமான வில்லுக்கு நாணைக் கிள்ளாமல் கொளுவிப் பிடிக்க வேண்டும். கொளுக்கி மாதிரி.

சரி, இப்போது வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் இருக்கிறவர்கள் மனதில் எடுத்தாலும் போதும். 10 லீற்றர் தண்ணீர் நிரப்புங்கள். 10 கிலோ, பழைய கணக்கில் 22 இறாத்தல். பழகத் தொடங்குகிற பெரியவர்களுக்கு நான் கொடுக்கிற வில்லின் இழுவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றிலும் வாளியின் கைபிடியைக் கொளுவித் தூக்குங்கள். முதலில் விரல் நுனியில் வையுங்கள். அரை நிமிடம் நில்லுங்கள். நுனி வெளுக்கும். முழங்கைக்குக் கீழே தசை கல்லாக இறுகும், கை நடுங்கத் தொடங்கும். இப்போது கைபிடியை உள்ளே தள்ளி, நுனியிலிருந்து முதல் மடிப்பு இருக்கிறதே, அந்த மடிப்பில் உட்கார வையுங்கள். பாரம் அதே பாரம்தான். ஆனால் புறங்கை தளர்ந்து சமமாக வந்துவிடும். பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் வேலையே இல்லை. கிணற்றடியில் இருந்து அடுப்படிக்குத் தண்ணீர் சுமந்த எங்கள் அம்மம்மாமாருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கை தானாகக் கண்டுபிடித்தது. நாணும் அந்த மடிப்பில்தான் உட்கார வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. நுனியில் பிடித்தால் விடுவது இலகு, மடிப்பில் பிடித்தால் நாண் சிக்கிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நுனியில் பிடித்தவருடைய கை இறுகியிருக்கிறது. இறுகிய கையைத் திறக்க இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். அந்த முறுக்கில் நாண் ஒரு பக்கம் இழுபட்டு, வீணைத் தந்தியைச் சுண்டினது போல அதிர்ந்து போகும். அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போய், உரப்பைக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தும். மடிப்பில் பிடித்தவருக்கு விரலைத் திறக்கிற வேலையே இல்லை. இழுத்துப் பிடித்திருக்கிற எண்ணத்தை விட்டால் போதும், நாண் விரல்களைத் தள்ளிக்கொண்டு தானே ஓடும்.

இதையும் வாளியில் பார்க்கலாம். வாளியை நிலத்திலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் தூக்கிப் பிடியுங்கள். விரல்களை விரித்து உதறிப் போட்டால் வாளி சரிந்து தண்ணீர் ஒரு பக்கம் தெறிக்கும். கையைத் தளர விட்டால் நேரே இறங்கி உட்காரும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எந்தப் பிடி இழுக்க வசதி என்று பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். எந்தப் பிடியில் உங்கள் கை அமைதியாக விடுகிறது என்று பாருங்கள்.

மூன்று விரலால் கொளுவுவதிலும் இரண்டு முறை உண்டு. அம்பின் வாலில் நாண் பொருந்துகிற வெட்டைக் குதை என்போம். குதைக்கு மேலே சுட்டுவிரல், கீழே மற்ற இரண்டும் வைப்பது ஒன்று. மோர்ஸ் இதை மத்தியதரைப் பிடி என்றார். ஒலிம்பிக் போட்டியில் நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது இதைத்தான். மற்றது, மூன்று விரலையும் குதைக்குக் கீழே வைப்பது. அப்போது அம்பு கண்ணுக்குக் கிட்ட ஏறி வரும். 10, 15 யார் தூரத்துக்கு அம்பின் வழியே பார்த்துக் குறி வைக்க வசதி. தூரம் கூடினால், சுட்டுவிரலை மேலே வைக்கிற முறைதான் கைகொடுக்கும், ஏனென்றால் அம்பின் வால் கீழே இறங்குவதால் அம்பு மேல்நோக்கிப் போகும். எங்கள் காணி சின்னது. அதனால் நான் பிள்ளைகளுக்கு மூன்றும் கீழே வைக்கத்தான் முதலில் பழக்குகிறேன். அதோடு, சுட்டுவிரலும் நடுவிரலும் குதையை நெரிக்காததால் அம்பு வில்லை விட்டு விலகி விழுவதும் குறையும். முதல் நாளில் ஒரு பிள்ளையை அழ வைப்பது அந்த விழுகிற அம்புதான்.

இனிப் பெருவிரல். இதை நான் ஒருவரிடமிருந்து படித்தேன், அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு நாள் கதவு நிலைக்கு அளவு கொடுக்க ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். வலது கையில் சுட்டுவிரல் இல்லை. அடியோடு போய்விட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை. வன்னியில் இருக்கிறவர்கள் அதைக் கேட்பதில்லை. அளவு சொல்லி முடிந்த பிறகு, சுவரில் தொங்கின வில்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஐயா, இதை நான் இழுத்துப் பார்க்கலாமோ?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

நடுவிரலையும் மோதிரவிரலையும் குதைக்குக் கீழே வைத்து இழுத்தார். இழுவை வந்தது, ஆனால் அம்பு நிற்கவில்லை. நடுவிரலை மேலே போட்டு மற்ற இரண்டையும் கீழே வைத்துப் பார்த்தோம். சின்னவிரல் கட்டை, பாதி இழுக்கும்போதே நழுவியது. அவர் வில்லைத் திருப்பித் தந்து, "பரவாயில்லை ஐயா, நிலையை வெள்ளிக்கிழமை எடுக்கலாமோ" என்றார். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஏகலைவன் கதை எல்லாருக்கும் தெரியும். குரு கேட்டார், வலது கைப் பெருவிரலை வெட்டிக் கொடுத்தான். சின்ன வயதில் அம்மம்மா சொல்லும்போது, விரல் போனதால் வில்வித்தையே போனது என்று நினைத்திருந்தேன். மகாபாரதம் அப்படிச் சொல்லவில்லை. மிச்சம் இருந்த விரல்களால் அவன் எய்தான், முன்பு இருந்த வேகம் மட்டும் இல்லை என்றுதான் வருகிறது. இதில் இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குப் பெருவிரல் வில்லாளியின் முக்கியமான விரலாக இருந்திருக்கிறது. மற்றது, ஒரு விரல் போனாலும் கை இன்னொரு பிடியைத் தேடிக்கொள்கிறது.

ஏகலைவனிடம் இல்லாதது இந்தத் தம்பியிடம் இருந்தது. பெருவிரல்.

பெருவிரல் பிடியைச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டே கையால் செய்து பாருங்கள். குதைக்குக் கீழே பெருவிரலை நாணைச் சுற்றி மடக்குகிறோம். மடக்கிய பெருவிரலின் நகத்துக்கு மேலே சுட்டுவிரலைப் போட்டுப் பூட்டுகிறோம். இழுக்கிறது பெருவிரல், திறக்காமல் காப்பது சுட்டுவிரல். அம்பும் பக்கம் மாறும். இடது கையில் வில்லைப் பிடித்தால், மூன்று விரல் முறையில் அம்பு விரல் முட்டிப் பக்கம் கிடக்கும். பெருவிரல் முறையில் இடது பெருவிரல் பக்கம் கிடக்க வேண்டும். மாற்றாவிட்டால் அம்பு வில்லை விட்டு விலகும்.

பூட்டுவதற்குச் சுட்டுவிரல் இல்லையே? அப்போதுதான் இஷி நினைவுக்கு வந்தார். 1911இல் கலிபோர்னியாவில், தன் இனத்தில் கடைசியாக மிஞ்சியவராகக் காட்டிலிருந்து வெளியே வந்த மனிதர். யாகி என்பது அவருடைய மக்களின் பெயர். சாக்ஸ்டன் போப் என்ற வைத்தியர் அவரிடம் வில் பழகி, எல்லாவற்றையும் எழுதி வைத்தார். இஷி நாணை இழுத்தது மடக்கிய பெருவிரலால். நகத்தின் மேல் வைத்தது நடுவிரலை. எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அன்று இரவுதான் அதன் அருமை தெரிந்தது.

வெறும் பெருவிரலால் இழுத்துப் பழகாதவருக்குத் தோல் நோகும், மோதிரம் இருந்தால் நல்லது. துருக்கியர், பாரசீகர், சீனர் எல்லாரும் எலும்பிலும் கொம்பிலும் கல்லிலும் செய்தார்கள். ஷாஜகான் சக்கரவர்த்தியின் வெள்ளை ஜேட் கல் மோதிரம் ஒன்று இன்றைக்கும் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னிடம் பிவிசி குழாய்த் துண்டு இருந்தது. கொதிநீரில் போட்டு இளக்கி, வட்டத்தை முட்டை வடிவமாக நசுக்கினேன். பெருவிரல் மூட்டு பக்கவாட்டில் அகலம். பக்கவாட்டாகப் போட்டு, மூட்டைத் தாண்டியதும் கால் வட்டம் திருப்பினால் கழராது. விரல் சதையை மூடுகிற பக்கத்தில் ஒரு நாக்கு விட்டு, அரத்தால் அராவி, கண்ணாடித் தாளால் தேய்த்தேன்.

வெள்ளிக்கிழமை நிலை எடுக்க வந்தார். மோதிரத்தைப் போட்டு, நடுவிரலை நகத்தில் வைக்கச் சொன்னேன். நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சுட்டுவிரல் இருந்த இடத்து அடிப்பகுதி, அம்பை மெல்ல வில்லோடு அழுத்திப் பிடித்தது. முழு விரல் உள்ளவர்களும் அந்த அழுத்தம் வரப் பல நாள் பழக வேண்டும். மூன்றாவது அம்பு உரப்பையில் நின்றது. அவர் வில்லை இறக்கவே இல்லை, அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெருவிரல் முறையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது அவர்தான்.

பெருவிரல் யாருக்குப் பொருந்தும்? முக்கியமாகக் கட்டை வில்லுக்கு, அதாவது நீளம் குறைந்த வில்லுக்கு. உடுப்புக் காயப் போடுகிற கயிற்றை நினையுங்கள். நீளமாகக் கட்டிய கயிற்றின் நடுவை இழுத்தால் மெல்ல வளையும். கிட்டக் கிட்டக் கட்டிய கயிற்றை அதே அளவு இழுத்தால் கூரை முகடு மாதிரி மடங்கும். கட்டை வில்லின் நாணும் அப்படித்தான் மடங்கி, மூன்று விரலையும் நெரிக்கும். பெருவிரல் ஒன்றுக்கு அந்த மடிப்பில் இடம் போதும். குதிரையில் இருந்து எய்த மங்கோலியருக்கும் துருக்கியருக்கும் வில் கட்டை, பெருவிரல் பிடி. நீள வில்லுக்கும் அது ஒத்து வரும். யப்பானியருடைய வில் 7 அடிக்கு மேல், அவர்களும் பெருவிரல்தான்.

நிகழ்ச்சியை நடத்துகிற தம்பி உள்ளே இருந்து நேரம் காட்டுகிறார். விரலுக்குப் போடுகிற தோலைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். விரற்புட்டில் என்று பழைய தமிழில் அதற்கு அழகான சொல்லே உண்டு. பழைய செருப்பின் மென்தோலில் மூன்று விரலை மூடுகிற அளவு வெட்டி, நடுவிரல் நுழைய ஒரு துளை போட்டால் போதும், தையல் வேண்டாம். தோல் இல்லாமல் ஒரு நாளும் பழக விடாதீர்கள், மோதிரவிரல் மரத்துப் போய்விடும். மரத்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். பிடியை வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள், ஒன்றைப் பிடித்தால் மூன்று மாதம் அதிலேயே நில்லுங்கள். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைகளைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அவர்களை வலது கைக்கு மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் முறியும். இலக்குக்குப் பின்னால் ஆடு மாடு, ஆட்கள் இல்லை என்று பார்த்த பிறகே அம்பைத் தொடுங்கள். வணக்கம்.