துரை கட்டிய வீடா அது?

(கோத்தகிரியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘மலையின் பழைய பங்களாக்கள் இடிந்துபோவது இழப்பா, விடுதலையா?’ ‘இழப்பே’ என்ற அணியில் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு பக்கமும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, தூறல் விழுந்தும் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கும் கோத்தகிரிப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன் பிரமாதமாகப் பேசினார். அவருக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டு எனக்கே கொஞ்சம் வயிற்றெரிச்சல். “அது வெள்ளைக்காரன் வீடு. தோடர் நிலத்தில் கட்டினான். நம் ஆள் முதுகில் சுமை ஏற்றினான். கட்டி முடித்ததும் நம்மைப் பின்வாசலோடு நிறுத்தினான். அந்த வீடு இடிந்தால் நமக்கு என்ன போச்சு? சனியன் விட்டது என்று சந்தோஷப்படுங்கள்!” என்றார்.

ஐயா, இதில் கடைசி வரியைத் தவிர எல்லாமே உண்மை. நான் ஒன்றையும் மறுக்கப்போவதில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு ஏறி வந்தார். முதல் வீடு இதோ, நம் கன்னேரிமுக்கில். அப்புறம் 1822இல் ஊட்டியில் கல் பங்களா வேலையை ஆரம்பித்தார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்கு வாங்கிய நிலம் என்கிறார்கள். ஒரு ரூபாய்! பின்னாளில் தோடர்களின் நில உரிமைக்காக இதே சல்லிவன் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார் என்பதும் உண்மை. ஆனால் முதலில் வாங்கியவர் அவர்தான். மனுஷன் இரண்டுமாக இருந்திருக்கிறார். போகட்டும்.

அண்ணனின் கடைசி வரிக்கு வருகிறேன். “நம் ஆள் முதுகில் ஏற்றினான்” என்றீர்களே அண்ணே, அந்த முதுகு எங்கே இருக்கிறது இப்போது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சல்லிவன் பெயர் மாவட்ட கெஜட்டியரில் இருக்கிறது. அவர் மனைவி, மகள் கல்லறை ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் இருக்கிறது. அந்த தேவாலயத்துச் சுவரில் பளிங்குப் பலகையில் எத்தனை துரைமார் பெயர், எத்தனை துரைசானிமார் பெயர்! பங்களாக்கள் எல்லாம் நாளைக்கே தரைமட்டமானாலும் அவர்களுக்கு ஒரு குறையும் வராது. எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதி வைக்காமல் போனவன் நம் கொத்தன், நம் ஆசாரி, நம் சுமைக்காரன். அவன் வேலை அந்த வீட்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. வீட்டை இடித்தால் துரைக்கு ஒன்றும் ஆகாது அண்ணே. நம் ஆள்தான் இரண்டாவது முறை காணாமல் போகிறான். இதுதான் என் வாதம்.

குன்னூர்ப் பக்கம் ஒரு பங்களாவை இடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு வீடு. பெயரும் வேண்டாம், யார் இடித்தார்கள் என்பதும் வேண்டாம். வாரிசுகள் விற்றார்கள், வாங்கியவர் விடுதி கட்டப்போகிறார், அவ்வளவுதான். இடிக்கும்போது நான் போய் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், உண்மையைச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டைப் பிரித்தார்கள். மங்களூர் ஓடு, அடியில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபையின் முத்திரை. அந்த மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்ததே 1865இல்தான். ஆக அந்தக் கூரை அதற்குப் பிறகு போட்டது. அதற்கு முன் வைக்கோலோ புல்லோ வேய்ந்திருக்கலாம், ஊட்டியின் ஆரம்பகால பங்களாக்கள் பலவும் கூரை வேய்ந்தவைதான். ஓடு போனதும் கைமரங்கள் தெரிந்தன. அதில் பார்க்கிறேன், ஒவ்வொரு பொருத்திலும் உளியால் வெட்டிய குறி. கிட்டப் போய்ப் பார்த்தால் எண். ஆங்கில எண் இல்லை ஐயா. ௧, ௨, ௩, ௪. நம் எண். உத்திரத்தில் ௪ என்றிருக்கிற இடத்தில் ௪ என்று வெட்டிய கைமரம்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

இது எப்படி என்றால், கூரைச் சட்டத்தை ஆசாரி முதலில் தரையிலேயே பரப்பிப் பொருத்திப் பார்ப்பார். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று இரண்டிலும் ஒரே எண்ணை வெட்டுவார். அப்புறம் கழற்றி, ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, எண் பார்த்துச் சேர்ப்பார். மழைமலையில் இது ரொம்ப முக்கியம். மேலே ஏறியபின் “இது பொருந்தலையே” என்று மூக்கைச் சொறிந்தால், அதற்குள் மழை சுவரைக் கரைத்துவிடும். ஏன் கரைக்கும்? சுவருக்குள்ளே மண் சாந்து. நீலகிரியில் சுண்ணாம்புக் கல் கிடையாது. சுண்ணாம்பு அத்தனையும் சமவெளியிலிருந்துதான் ஏறி வர வேண்டும். அந்த வீட்டில் உள்சுவரைச் செம்மண் சாந்தில் கட்டிவிட்டு, வெளிப்பூச்சுக்கும் மூலைகளுக்கும் மட்டும் சுண்ணாம்பைச் சிக்கனமாகப் பிடித்திருந்தார் கொத்தனார். கையில் இருந்தது கொஞ்சம், காக்க வேண்டியது பெரிய வீடு. எங்கே வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கு தப்பவில்லை. இன்றைக்கு நாம் கட்டுகிற வீட்டில் மூன்றாம் வருஷம் ஓதம் ஏறுகிறது, நான்காம் வருஷம் மேஸ்திரி போனை எடுப்பதில்லை!

இந்த வீட்டை எந்தத் துரை வரைந்தான்? வராந்தா இருந்தது, சரி, அது சமவெளி பங்களா வழக்கம். ஆனால் சமவெளியில் வராந்தா வெயிலைத் தடுக்க. இங்கே வெயிலைப் பிடிக்க. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடைத்து, காலை வெயிலை உள்ளே வாங்கியிருந்தார்கள். அறைக்கு அறை கனப்பு. பலகைத் தரையைத் தரைமட்டத்துக்கு மேல் தூக்கிப் போட்டு, அடியில் காற்று போக ஓட்டை விட்டிருந்தார்கள், ஈரம் ஏறாமல் இருக்க. இதில் பாதி இங்கிலாந்து, பாதி இந்த மலையில் கை வைத்து வைத்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பாதியைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எந்தத் துரையும் எழுதவில்லை.

அண்ணன் சொல்வார், “நீ பார்த்தது ஒரு வீடு.” சரி, கோடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடருக்குப் போவோம். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், காலராவில் ஆள் ஆளாகச் செத்துக்கொண்டிருந்தபோது, குளிர்ந்த இடம் தேடி 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடு கட்டினார்கள். சன்னிசைட், ஷெல்டன் என்று பெயர். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஏரியை அமைத்தார். அப்புறம் வீடு மேல் வீடு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கோடைக்கானலுக்கு மோட்டார் போகும் மலைப்பாதை வந்தது 1910களில். அதுவரைக்கும், ஏறக்குறைய 70 வருஷம், பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதை. துரைசானி டோலியில் போனார். டோலியைத் தூக்கியவர் நடந்து போனார். கண்ணாடி, ஆணி, கீல், இரும்புக் கம்பி என்று மலைமேல் விளையாத எதுவானாலும் மனிதன் தலையிலோ மாட்டின் முதுகிலோதான் ஏற வேண்டும். அந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டு வீட்டு ஜன்னல் ஒன்றில் பழைய கண்ணாடி இன்னும் உடையாமல் இருந்தால், அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒருவர் தலையில் உட்கார்ந்து, அந்தச் செங்குத்தில், உடையாமல் ஏறி வந்த கண்ணாடி அது. அதை உடையாமல் கொண்டுவந்த கெட்டிக்காரனுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே சாட்சி அந்தக் கண்ணாடிதான். அதைக் கடப்பாரையால் தட்டிவிட்டு “விடுதலை” என்கிறீர்கள்!

எதிரணித் தங்கை ஒருவர் திப்புவைக் கொண்டுவந்தார். நல்ல பாயிண்ட், எனக்குக் கொஞ்சம் உதறியது. “ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து, அந்த மரத்தை ஊட்டிக்கு இழுத்து வந்து செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் கட்டினார்கள். அரண்மனை போச்சு, தேவாலயம் வந்தது. வீடு இடிவதும் இன்னொரு வீடு எழுவதும் இயற்கை” என்றார்.

தங்கச்சி, அந்தத் தேவாலயத்துக்கு அடிக்கல் வைத்தது 1829இல், சென்னை கவர்னர் லஷிங்டன் காலத்தில். திப்பு வீழ்ந்து 30 வருஷம் ஆகியிருந்தது. உத்திரங்களை யானை கட்டி மலைமேல் ஏற்றினார்கள் என்கிறார்கள். சரி. அந்த அரண்மனை இப்போது இல்லை. ஆனால் இன்றைக்கு ஊட்டிக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகூட அந்தத் தேவாலயத்துக்குள் நிமிர்ந்து பார்த்து “இது திப்பு வீட்டு மரமா?” என்று கேட்கிறது. ஏன் கேட்கிறது? மரம் அங்கே நிற்கிறது. அதை 1829இல் அடுப்பில் வைத்திருந்தால் ஊட்டியில் திப்புவின் பெயரை யார் எடுக்கப்போகிறார்கள்? தங்கை சொன்ன உதாரணம் எங்கள் அணிக்குத்தான் சாதகம். குன்னூரில் நான் பார்த்த கைமரங்கள் எங்கே போயின தெரியுமா? லாரியில் ஏறி, பழைய மரக்கடைக்கு. எண் வெட்டிய முனைகளை அறுத்துத் தள்ளிவிட்டார்கள், பொருத்து இருக்கும் இடம் மேஜைக்கு உதவாதாம். அது விறகாகப் போனது.

“போட்டோ எடுத்து வைத்தால் போதாதா?” என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் காலத்துப் பங்களா போட்டோக்களைப் பாருங்கள் ஐயா. நடுவில் துரை. பக்கத்தில் துரைசானி. காலடியில் நாய். நாய்க்குப் பெயர்கூட எழுதியிருப்பார்கள். ஓரத்தில் பாதி உடம்பு தெரிகிற மாதிரி பட்லரோ குதிரைக்காரரோ நிற்பார். அவருக்குப் பெயர் இருக்காது. போட்டோவை வைத்துக்கொண்டு வீட்டை விட்டுவிடுங்கள் என்றால், நாயைக் காப்பாற்றிவிட்டு ஆசாரியை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

செலவைப் பற்றிச் சொன்னார்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பழைய பங்களா வைத்திருக்கிறவர் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்ற வேண்டும், கரையான், ஆறு வாரிசு, ஆறு வக்கீல். எல்லா பங்களாவையும் மியூசியமாக்கு என்று நான் கேட்கவில்லை. மியூசியம் வைத்தால் டிக்கெட் கிழிப்பவர் ஒருவர்தான் உள்ளே இருப்பார். புழங்க விடுங்கள் என்கிறேன். ஊட்டிக் கல் பங்களா நிலைத்தது எப்படி? முதலில் அரசாங்க அலுவலகம், அப்புறம் அரசு கலைக் கல்லூரி. 1844இல் காட்டன் என்ற கேப்டன் கட்டிய ஃபெர்ன்ஹில் பங்களாவை 1873இல் மைசூர் மகாராஜா வாங்கினார். பிறகு அது ஓட்டலாகவும் ஓடியது. லஷிங்டன் ஹாலில் பள்ளிக்கூடம் நடக்கிறது. ஜோத்பூர் ராஜா வைத்திருந்த ஆரன்மோர், தமிழகம் என்ற அரசு விருந்தினர் மாளிகையாக நிற்கிறது. ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் ஓடு நழுவினால் அன்றைக்கே கூப்பிட்டுச் சரி செய்வார்கள். பூட்டின வீட்டில் ஒரு ஓடு நழுவினால் அடுத்த மழைக்கு உத்திரம் நழுவும்.

ரொம்ப தூரம் போவானேன், நம் கன்னேரிமுக்கே இருக்கிறதே. சல்லிவனின் அந்த முதல் பங்களா கூரை போய், சுவர் சரிந்து, ஆடு மேயும் நிலையில் கிடந்தது இந்தச் சபையில் இருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை எடுத்துக் கட்டி இன்றைக்கு நீலகிரி ஆவண மையம் நடத்துகிறார்கள். அங்கே போனால் சல்லிவனோடு சேர்த்து படுகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் கதையும் பார்க்கலாம். அண்ணனின் கணக்குப்படி அது இடிந்தே போயிருக்க வேண்டிய வெள்ளைக்காரன் வீடு. இடிந்திருந்தால் இந்த மக்களின் படங்களை எங்கே மாட்டியிருப்போம்? விடுதி வரவேற்பறையிலா?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, அரை நிமிடம். எதிரணி அண்ணன் முடிவுரைக்கு வருவார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. குன்னூரில் கைமரத்தில் ௪ என்று எண் வெட்டிய ஆசாரியைப் பற்றி, அந்த மரத்தைத் தவிர வேறு எந்தப் பதிவேட்டிலாவது, எந்தக் கல்லறையிலாவது, எந்தப் போட்டோவிலாவது ஒரு வரி எடுத்துக் காட்டட்டும். காட்டிவிட்டால், மிச்சமிருக்கிற பங்களாக்களை இடிக்க நாளைக் காலையில் முதல் கடப்பாரையோடு நானே வருகிறேன், அண்ணனுக்கு டீயும் வாங்கித் தருகிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.