கண்காட்சிக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரே கோப்பு போதுமா?

வடிவமைப்புப் பிரிவில் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கண்காட்சிக்காக என்னுடைய ஏ1 தாள்களைப் பிடிஎஃப்பாக அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். துறையின் ஆவணக் காப்பகத்திலும் கோப்புகளைக் கேட்கிறார்கள். அதே பிடிஎஃப்பைக் கொடுத்தால் போதாதா?"

போதாது. அச்சகத்துக்குப் போகும் கோப்பு, குறிப்பிட்ட ஓர் இயந்திரத்துக்கும் குறிப்பிட்ட ஒரு தாளுக்கும் ஏற்றபடி தயாரிக்கப்படுவது. தாள் சுவரில் ஏறியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. காப்பகத்துக்குப் போகும் கோப்பையோ, உங்களை அறியாத ஒருவர், நீங்கள் பயன்படுத்திய மென்பொருளும் எழுத்துருவும் இல்லாத ஒரு கணினியில், பல ஆண்டுகள் கழித்துத் திறக்கப்போகிறார். இரண்டையும் ஒரே மூலக் கோப்பிலிருந்து தனித்தனியாக எடுக்க வேண்டும்.

முதலில் கண்காட்சிக் கோப்பைப் பார்த்துவிடலாம். ஏ1 தாள் 594 மி.மீ. அகலமும் 841 மி.மீ. உயரமும் கொண்டது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால், தாளை நிறைக்கும் படத்துக்கு 7,016 × 9,933 பிக்சல் தேவைப்படும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படங்களுக்கு 150 பிக்சலே பெரும்பாலும் போதும். ஆனால் கைப்பேசியில் பகிர்ந்து வாங்கிய, 1,600 பிக்சல் அகலமே உள்ள படத்தைத் தாளின் முழு அகலத்துக்கு விரித்தால், அங்குலத்துக்குச் சுமார் 68 பிக்சல்தான் கிடைக்கும். முகங்களின் விளிம்பு கரைந்து தெரியும். மென்பொருளில் அந்த எண்ணை 300 என்று மாற்றுவதால் படம் தெளிவடையாது, இல்லாத பிக்சல்களை அருகிலுள்ளவற்றைக் கொண்டு ஊகித்து நிரப்புவதுதான் நடக்கும். நிறத்தைப் பொறுத்தவரை, திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும் என்பதால், ஒரு சிறு துண்டையாவது உண்மையான அளவில் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள். வெட்டு விளிம்புக்கு எவ்வளவு கூடுதல் இடம் விட வேண்டும் என்பதை அச்சகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக 3 மி.மீ. கேட்பார்கள்.

இனி எழுத்துகளுக்கு வருவோம், ஏனென்றால் நான் பார்த்தவரை அதிக இழப்பு நேர்வது இங்கேதான். எழுத்துரு மாறிவிடக் கூடாது என்பதற்காக எழுத்துகளை எல்லாம் அவுட்லைனாக மாற்றித் தரும்படி அச்சகங்கள் கேட்பதுண்டு. அச்சுக்கு அது பாதுகாப்பான வழிதான். ஆனால் மாற்றிய கணமே அவை எழுத்துகள் என்ற தன்மையை இழந்து வெறும் வடிவங்களாகிவிடுகின்றன. அந்தக் கோப்பில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. ஒருமுறை நான் திறந்த ஒரு பழைய மாணவர் தொகுப்பில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. தாளில் தமிழ் அழகாகத் தெரிந்தது, தலைப்பைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டியபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற ஒரு வரி வந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ளும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு அல்லாமல், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்ததே காரணம். அந்த மாணவர் எத்தனை நாள் உழைத்து எழுதிய விளக்கமோ, எந்தத் தேடலிலும் அகப்படாமல் கிடந்தது. ஆகவே காப்பகப் பிரதியில் தமிழ் முழுவதும் யூனிகோடில், அவுட்லைனாக மாற்றாத, தேடக்கூடிய எழுத்தாகவே இருக்கட்டும்.

அந்தப் பிரதியைச் சாதாரணப் பிடிஎஃப்பாக அல்லாமல் பிடிஎஃப்/ஏ வடிவில் சேமியுங்கள். நீண்டகாலப் பாதுகாப்புக்கென்றே 2005-இல் சர்வதேசத் தரமாக வெளியான வடிவம் இது. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது என்பவை அதன் விதிகளில் அடங்கும். முதல் பதிப்பு ஒளி ஊடுருவும் அடுக்குகளை ஏற்காது என்பதால், வடிவமைப்புப் பணிகளுக்கு 2011-இல் வந்த பிடிஎஃப்/ஏ-2 பொருத்தமானது. படங்களைத் தனியே, பொதுவாக விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவிலும் கொடுங்கள். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது விவரம் போய்விடும். மூலக் கோப்பைக் கொடுப்பதானால், அதில் இணைத்த படங்களையும் உரிமம் அனுமதிக்கும் எழுத்துருக்களையும் சேர்த்துப் பேக்கேஜாகக் கொடுங்கள். இல்லையென்றால் படம் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்களே மிஞ்சும்.

திரையில் இயங்கும் பணியாக இருந்தால் அதன் இயக்கத்தைக் காணொளியாகவும் பதிவு செய்துவையுங்கள். உலாவியில் அசைவூட்டங்களை இயக்கிய ஃப்ளாஷ் மென்பொருளில் உருவான எத்தனையோ பணிகள், 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவு நின்ற பிறகு, உலாவியில் திறக்க வழியில்லாமல் போயின.

கோப்புறைக்குள் ஓர் எளிய உரைக் கோப்பும் இருக்க வேண்டும். பணியின் பெயர், ஆண்டு, உண்மையான அளவு, மென்பொருளும் அதன் பதிப்பும், குழுவில் யார் எந்தப் பகுதியைச் செய்தார்கள், பிறருடைய படங்களைப் பயன்படுத்த யாரிடம் அனுமதி பெற்றீர்கள் என்பவற்றை அதில் எழுதுங்கள். குழுப் பணியில் ஒரு பெயர் விடுபட்டால், பின்னாளில் அதைச் சரிசெய்ய யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒப்படைக்கும் முன், உங்கள் எழுத்துருக்கள் எதுவும் இல்லாத வேறொருவரின் கணினியில் அந்தக் கோப்புறையைத் திறந்து, தலைப்பிலுள்ள ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பாருங்கள். அது கிடைத்து, ஒவ்வொரு தாளும் குறையின்றித் தெரிந்தால், அச்சகத்துக்குக் கொடுத்த கோப்பையும் தனிக் கோப்புறையில் சேர்த்து ஒப்படைத்துவிடலாம்.