நுரைக்கோட்டில் நிற்கும் தீவுகள்

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் மொரீசியஸின் ப்ளூ பே கடற்கரையில் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்த நுரையைக் காட்டி, "தாத்தா, அலை அங்கேயே உடைஞ்சு போகுதே, இங்கே ஏன் வரலை?" என்று பேத்தி கேட்டாள். முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். வாயில் சோறு, பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

அந்த நுரைக் கோடு விழும் இடத்தை நம் மீனவர்கள் கிரியோல் மொழியில் பிரிசான் என்பார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்களுக்கு அது 'பார்'. பவளப் பூச்சிகள் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கட்டிய சுவர், மொரீசியஸைச் சுற்றி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடுகிறது. அலை அதில் மோதித்தான் உடைகிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் நன்னீரும் வண்டலும் பவளத்துக்கு ஆகாது. அங்கே சுவரில் வாசல் விழும், அதுதான் பாஸ். சுவர் இல்லாவிட்டால் கரை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? சுய்யாக் பக்கம் கிரி கிரிக்குப் போங்கள். அங்கே பவளம் விட்டுப்போயிருக்கிறது. கடல் நேரே வந்து கரும்பாறையில் அறைகிறது.

சுவரை ஒட்டியும் அதற்கு வெளியேயும் சின்னச் சின்னத் தீவுகள். தென்கிழக்கில் வாசலுக்கே காவல்காரன் மாதிரி நிற்கிறது இல் டே லா பாஸ். மொரீசியஸ் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலம், 1810 ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் அந்தத் தீவைப் பிடித்தார்கள். அப்புறம் கிரான் போர் விரிகுடாவுக்குள் பிரெஞ்சுக் கப்பல்களைத் துரத்தப்போய், தண்ணீருக்கடியில் பவளம் இருப்பது தெரியாமல் தரைதட்டி நின்றார்கள். அவர்களுடைய நான்கு போர்க்கப்பல்களும் போயின. இரண்டுக்கு அவர்களே தீ வைத்தார்கள். பாரிஸ் வெற்றி வளைவில் கடற்போர் வெற்றியாகப் பொறித்திருக்கும் ஒரே பெயர் கிரான் போர். என் கணக்கில் பாதி வெற்றி பவளத்துக்குச் சேர வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சந்தோஷம் மூன்று மாதம்தான். வடக்கே பாறைத்திட்டு இருக்கிறது, பெரிய படை இறங்க முடியாது என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பியிருந்தார்கள். ஆங்கிலேயர்கள் முன்கூட்டியே ஆழம் பார்த்து வழி கண்டுபிடித்து, நவம்பர் 29 அன்று காப் மாலெரூவில் இறங்கினார்கள். இறங்கியவர்களில் மதராஸ் சிப்பாய்களும் உண்டு. அதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே, லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே கவர்னராக இருந்தபோது, புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் வந்து தலைநகர் போர்ட் லூயியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மவர் கதை கரும்புத் தோட்டத்தில்தான் ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கரும்புக்கு வந்தவர்களின் கதைக்கு வருகிறேன். வடக்கே கடலில் இல் பிளாத், பக்கத்திலேயே காப்ரியேல் தீவு. இப்போது கிரான் பேயிலிருந்து காலையில் சுற்றுலாக் கட்டமரான் கிளம்பும். வறுத்த மீன், ரம், பாட்டு, வெள்ளை மணல். ஆனால் 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பல்களில் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். கப்பலில் காலரா. போர்ட் லூயிக்கு அருகிலேயே விடவில்லை, காப்ரியேலில் இறக்கிவிட்டார்கள். அது மழையும் புயலும் வருகிற மாதம். தலைக்கு மேல் சரியான கூரை இல்லை. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததும், இந்தியாவிலிருந்து இங்கே ஆள் அனுப்புவதைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள். அவர்கள் தமிழர்கள் இல்லை, வடக்கத்திக்காரர்கள். இருந்தால் என்ன? மதராஸிலிருந்து ஏறிய நம் பாட்டன் பூட்டனும் அதே பயத்தோடுதான் இந்தக் கரையைப் பார்த்திருப்பார்கள். போர்ட் லூயியில் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் படிகளுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். காப்ரியேலில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை ஒரு வரியாவது யாராவது சொல்கிறார்களா? நான் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் சொல்லவில்லை. மதிய உணவு மட்டும் நேரத்துக்கு வந்தது.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இந்தக் கூடத்திலேயே பாதிப் பேர் வீட்டில் ஹோட்டல் சம்பளம் வருகிறது. துரு தோ தூஸிலிருந்து படகேறி இல் ஓ செர்ஃப் போகாத ஆள் இங்கே உண்டா? செர்ஃப் என்றால் மான். டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து மான் கொண்டுவந்தார்கள். இப்போது அந்தத் தீவில் கோல்ஃப் மைதானம்.

என் கவலை மணலைப் பற்றி. நாம் படுத்துப் புரளும் வெள்ளை மணல் பெரும்பாலும் உடைந்த பவளமும் சிப்பியும்தான். வீடு கட்ட அதை, சுவருக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் லகூனிலிருந்து லாரி லாரியாக அள்ளினோம். 2001 அக்டோபரில்தான் தடை வந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 பவளத் தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அதில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியதுதான் முக்கியக் காரணம்.

2020 ஜூலை 25 உங்களுக்கு நினைவிருக்கும். வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்கே புவாந்த் டெஸ்னி பிரிசானில் ஏறி நின்றது. ஆகஸ்டில் கறுப்பு எண்ணெய் கசிந்தது, சுமார் ஆயிரம் டன். நாம் யாருக்கும் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து, மிதக்கும் தடுப்பு தைத்தோம். சிலர் தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். என் பாட்டனுக்குக் கைகிழித்த அந்தச் சோகை கடலைக் காக்கப் போனதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த எண்ணெய்க்கு மிக அருகில் இருந்தது இல் ஓ ஸெக்ரெட். 26 ஹெக்டேர் பவளச் சுண்ணாம்புத் தீவு, 1965 முதல் காப்பகம். பழைய மொரீசியஸின் கருங்காலி மரங்களும் இளஞ்சிவப்புப் புறாவும் அங்கே பிழைத்திருக்கின்றன. செஷல்ஸின் அல்டாப்ரா தீவிலிருந்து கொண்டுவந்த பெரிய ஆமைகள் பாதையை மறித்துப் படுத்திருக்கும்.

சரி, வருகிற ஞாயிறு பேத்தியை அங்கேதான் கூட்டிப்போகிறேன். புவாந்த் ஜெரோமில் படகு. வருகிறவர்கள் வாசலில் பெயர் கொடுங்கள். பிரியாணியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஆமைக்கு ஊட்டிவிட யாராவது கிளம்பிவிடுவீர்கள்.