பால்சுறாவின் பிள்ளைப்பேறு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் நம்மவர் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், சௌராஸ்தா சந்தைக்குப் புறப்படுபவரிடம் பால்சுறா கிடைத்தால் வாங்கிவரச் சொல்லும் வழக்கம் இன்னும் உண்டு. பால் ஊறும் என்ற நம்பிக்கையில், நிறையப் பூண்டு சேர்த்து நாம் புட்டாக்கும் அந்த மீனும் மாதக் கணக்கில் பிள்ளை சுமப்பதுதான்.

இதை உவமையாகச் சொல்லவில்லை. பால்சுறா கடலில் முட்டையிடுவதில்லை. அதன் கருப்பையில் உருவாகும் கரு முதலில் மஞ்சள் கருவை உண்டு வளர்கிறது. அது தீர்ந்ததும், மஞ்சள் கருவை வைத்திருந்த பையே நஞ்சுக்கொடியாக உருமாறித் தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, அதன்பின் தொப்புள்கொடி வழியாகவே குட்டிக்கு ஊட்டம் செல்கிறது. ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, ஒன்றிலிருந்து எட்டுக் குட்டிகள் வரை ஈனுகிறது. அதே பலகையில் கிடக்கும் தெங்கிரியோ இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன். நாம் வாழையிலையில் சுட்டு உண்ணும் திருக்கைகளுக்கு நஞ்சுக்கொடி இல்லை. அவற்றின் கருப்பைச் சுவரே பால் போன்ற சத்துநீரைச் சுரந்து குட்டிகளை வளர்க்கிறது.

ஆகவே, மற்ற மீன்களைப் பிடிக்கும் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2021-இல் உலகளாவிய மதிப்பீடு ஒன்று அறிவித்தது. அதற்கு முதன்மைக் காரணம் அளவு மீறிய மீன்பிடிப்பே. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் விதிமுறைகள் திமிங்கலச் சுறாவையும் வாள் போன்ற மூக்குடைய வேளா மீன்களையும் காத்தன. 2019-இல் சுத்தியல் தலையுடைய கொம்பன் சுறாக்களில் சிலவும் ஆனைத்திருக்கைகளும் அப்பட்டியலில் சேர்ந்தன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இழுவை மடிவலை பட்டியலைப் பார்த்து அள்ளுவதில்லை. இறாலுக்கும் பிற மீனுக்கும் விரித்த வலையிலேயே சிறு சுறாக்களும் சேர்ந்து வருகின்றன. அவற்றின் தலையையும் துடுப்பையும் நீக்கித் துண்டுபோட்ட பிறகு, எந்த இனம் என்பதை விற்பவரே சொல்வது கடினம். (சந்தையில் பால்சுறா என்ற பெயரில் வேறு சிறு சுறாக்களும் விற்கப்படுவதுண்டு.)

முழு மீனாகக் கிடைத்தால் நீளத்தைப் பாருங்கள். இரண்டு அடிக்குக் குறைந்த பால்சுறா பெரும்பாலும் ஒருமுறைகூட ஈனாதது. என் மகளின் பேறுகாலத்தில் நான் கண்டவை ஒரு முழம்கூட இல்லை. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் தழும்பு இன்னும் ஆறாமல் இருந்தது. அன்று முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.