வாடகைக் கப்பலும் ஆச்சியின் நோட்டும்

நடுவர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற வியாபாரப் பெருமக்களே, பின்னால் நின்றுகொண்டே போனில் வீடியோ எடுக்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"சின்ன ஆன்லைன் வியாபாரத்துக்குச் சமூக ஊடகம் துணையா, தூண்டிலா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் தூண்டில் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார், கைதட்டும் நிறைய வாங்கினார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு அம்மா அடுப்படியில் இருந்தபடியே கோயம்புத்தூருக்கு அப்பளம் அனுப்புகிறார், கடை வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது, போர்டு கிடையாது, எல்லாமே இலவசம் என்றார். முடிக்கும்போது என்னைப் பார்த்து, "அக்கா, அதையும் விட்டுட்டா ஆளுகளை எங்க போய்த் தேடச் சொல்லுதிய?" என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நியாயமான கேள்விதான். ஆனால் தம்பி, நான் அதை விடச் சொல்லி வரவில்லை. ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு ரதவீதியில் எத்தனை கடை போடுகிறார்கள்? வளையல், பலூன், பொரிகடலை. கூட்டம் இருக்கிற இடத்தில் கடை போடுகிறவர் விவரமானவர். ஆனால் அவர்களில் ஒருத்தராவது ரதவீதி நடுவில் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? தேர் வரும், "எடு" என்பார்கள், எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். தார்ப்பாயும் நாலு கம்புமாகத்தான் வருவார். எதிரணி பாராட்டுகிற வியாபாரிகளோ ரதவீதியிலேயே மாடி வீடு கட்டி, பாலும் காய்ச்சிவிட்டார்கள். நான் கேட்பது அதைத்தான். நடுவர் ஐயா, இதோடு முடித்துவிட்டேன் என்று மணியில் கை வைத்துவிடாதீர்கள், இப்போதுதான் தொடங்குகிறேன்.

எங்கள் மதினிக்குச் சேரன்மகாதேவி. பக்கத்திலேயே பத்தமடை. பத்தமடைப் பாயைப் பற்றி இந்தச் சபையில் நான் விளக்கினால் சிரிப்பீர்கள். கோரையை ஆற்றில் ஊறப்போட்டு, நூல் மாதிரிக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்கிற பாய். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பேர், பொண்ணு பேர், தேதி எல்லாம் பாயிலேயே வந்துவிடும். மதினி நெய்ய மாட்டார். ஆர்டர் பிடித்து, நெய்கிற வீடுகளில் கொடுத்து, வாங்கி, பார்சல் கட்டி அனுப்புவது அவர் வேலை. அத்தனையும் ஒரு சமூக ஊடகத்தின் வழியாக. எது என்று சொல்ல மாட்டேன், மேடையில் எதற்கு வம்பு? மூன்று வருஷத்தில் பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஆர்டர் அதிலேயே, போட்டோ அதிலேயே, விலாசம் அதிலேயே. பொண்ணு பேரில் 'ப்' உண்டா இல்லையா என்கிற விசாரணையும் அதிலேயே.

ஒரு தை மாதம். முகூர்த்தம் நெருக்கியடிக்கிற நேரம். காலையில் எழுந்து போனைத் திறந்தால், "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது." காரணம், விதிமுறையை மீறிவிட்டீர்களாம். எந்த விதி, எந்தப் படம், ஒரு வரி கிடையாது. பாய் விற்றதில் என்ன விதியை மீற முடியும் என்று குடும்பமே கூடி யோசித்தது. எங்கள் அண்ணன், "பாயில ஏதும் ஏடாகூடமாப் போட்டுட்டியாட்டி?" என்று கேட்டு மதினியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மேல்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் முகத்தைக் காட்டு என்றது. இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்றது. மதினி திரும்பினார். "பரிசீலிக்கிறோம்" என்றது. அப்புறம் சத்தமே இல்லை. தாலுகா ஆபீசில்கூட நின்று கத்துவதற்கு ஒரு ஜன்னல் உண்டு ஐயா. இங்கே யாரிடம் போய்க் கத்துவது?

அன்றைக்குத் தறியில் ஒன்பது பாய். பேர்கள் துண்டுச் சீட்டில் நெய்கிறவர்களிடம் பத்திரமாக இருந்ததால் பாய் தயாராகிவிடும். தயாரானதை யாருக்கு அனுப்புவது? போன் நம்பரும் விலாசமும் பூட்டின பெட்டிக்குள் போய்விட்டதே. சேலை என்றால் இன்னொருத்தருக்கு விற்கலாம். பேர் நெய்த பாயை யாருக்கு விற்பது? அதே பேரில் ஒரு மாப்பிள்ளையும் அதே பேரில் ஒரு பொண்ணும் அதே தேதியில் கல்யாணம் வைத்திருக்க வேண்டும்!

மதினி பேங்குக்கு ஓடி அட்வான்ஸ் வந்த பட்டியலை எடுத்தார். யூபிஐ முகவரியிலேயே போன் நம்பர் இருந்ததால் ஐந்து பேர் கிடைத்தார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே வாங்கினவர்கள், பழைய கூரியர் ரசீதில் விலாசம் இருந்தது. ஒருத்தர் எப்படியோ விசாரித்து அவரே வந்து சேர்ந்தார். எட்டு ஆயிற்றா? ஒன்பதாவது ஆளுக்கு அட்வான்ஸ் யாரோ சொந்தக்காரர் கணக்கிலிருந்து வந்திருந்தது. ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. முடங்கின சமூக ஊடகக் கணக்கும் திரும்பி வரவே இல்லை. அந்தப் பாய் இன்றைக்கும் மதினி வீட்டு பீரோ மேல் சுருட்டி இருக்கிறது. அந்த ஜோடிக்குப் பிள்ளைகூடப் பிறந்திருக்கும். முன்பணம் வாங்கிவிட்டு ஓடிப்போன பொம்பளை என்று எங்கேயோ ஒரு குடும்பம் மதினியை இன்னமும் ஏசிக்கொண்டிருக்கும். போன பணத்தைப் பற்றி மதினி ஒரு நாளும் பேசியதில்லை. அந்த ஏச்சைப் பற்றி மட்டும் இப்போதும் பேசுவார்.

இந்த இடத்தில் எங்கள் ஆச்சியை இழுக்காமல் முடியாது. அம்பாசமுத்திரத்தில் சின்னக் கடை வைத்திருந்தார். புளி, கருப்பட்டி, மிளகாய் வத்தல். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பற்று நோட்டு. யார், எந்தத் தெரு, யார் மருமகள், எத்தனை ரூபாய் பாக்கி, தை மாதம் எந்தப் புளி கேட்பார்கள், எல்லாம் அதில் உண்டு. ஒரு நாள் கட்டடக்காரர் மகனுக்கு இடம் வேண்டும் என்று காலி பண்ணச் சொன்னார். ஆச்சி ரெண்டு தெரு தள்ளி இடம் பிடித்தார். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பையனை வீடு வீடாக அனுப்பினார்: "ஆச்சி கடை இங்க மாறிட்டுன்னு சொல்லிட்டு வால." ஒரே வாரத்தில் வியாபாரம் பழையபடி ஓடியது. போனது சுவர் மட்டும்தான். மதினிக்குக் கடையும் போச்சு, நோட்டும் போச்சு. ஏனென்றால் நோட்டை எழுதியது மதினி, வைத்திருந்தது கட்டடக்காரன்.

அந்தப் பதினோராயிரம் பேரும் மதினியின் வாடிக்கையாளர்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மதினி போடுகிற படத்தை அவர்களில் எத்தனை பேருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதே அந்தக் கம்பெனிதான். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க்கே எழுதினார்: இனி நண்பர்களும் குடும்பத்தாரும் போடுவதை முன்னால் காட்டுவோம், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகத் தெரியும் என்று. சரி, தெரிய வேண்டுமானால்? காசு கொடுத்து 'பூஸ்ட்' பண்ணு. நம்மைத் தேடி வந்தவர்களைப் பார்க்க நாமே டிக்கெட் எடுக்க வேண்டும். இதற்குப் பேர் இலவசம்.

இலவசம் என்றதும் தம்பிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். வெளியூர்க் கதை இல்லை. நம் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி அப்போது நம் திருநெல்வேலி ஜில்லா. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். ஆனால் கையில் கப்பல் கிடையாது. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் கொழும்புக்கு ஓட்டினார். அதே வழியில் ஏற்கெனவே கப்பல் விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரன் என்ன செய்தான்? வ.உ.சி.யிடம் சண்டைக்கு வரவில்லை. கப்பல் வாடகைக்குக் கொடுத்தவனைப் போய் நெருக்கினான். அவன் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கம்பெனி இருந்தது, பங்குதாரர் இருந்தார்கள், ஏற ஜனம் இருந்தது, கப்பலைக் காணோம். இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து அப்போதைக்குச் சமாளித்தார். வாடகைக் கப்பல் எந்த நேரமும் போகும் என்று புரிந்த பிறகுதான் வடக்கே போய்ப் பணம் திரட்டி, 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தார்.

அதற்கும் வெள்ளைக்காரன் மசியவில்லை. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினான். சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவன், சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், போகிற ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றான். தம்பி, அந்தக் குடையைத்தான் நீங்கள் இலவசம், இலவசம் என்று பத்து நிமிஷம் விரித்துப் பிடித்தீர்கள்.

எதிரணியில் ஒருத்தர் இப்போதே குறிப்பெடுக்கிறார், தெரிகிறது. "சொந்தக் கப்பல் வாங்கியும் கம்பெனி 1911-ல் கலைந்துபோச்சே" என்று கேட்கப் போகிறார். கலைந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் கப்பலை நிறுத்த ஒரு மிரட்டல் போதுமாக இருந்தது. சொந்தக் கப்பலை நிறுத்த அவனுக்கு அத்தனை கட்டணக் குறைப்பு வேண்டியிருந்தது, குடை வேண்டியிருந்தது, 1908-ல் வ.உ.சி.யைக் கைது செய்து, இதே திருநெல்வேலியில் வழக்கு நடத்தி இரட்டை ஆயுள் தண்டனையும் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி வேகமாகப் போகிறேன், நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசாங்கம் தடை செய்தது. தடை சரியா தப்பா என்பது வேறு பட்டிமன்றம். அதில் லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்த வியாபாரியால் அந்த லட்சம் பேரை அப்படியே வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. 2021 அக்டோபர் 4, நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து படுத்துக்கொண்டன. ஆறு மணி நேரம். யாரும் தாக்கவில்லை. பராமரிப்பு வேலையில் அவர்களே கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய கட்டமைப்பையே இணையத்திலிருந்து துண்டித்துவிட்டது. இதில் நம்மவர்கள் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு: "ஒன்றையே நம்பவில்லை, மூன்றிலும் கடை வைத்திருக்கிறேன்" என்பார்கள். மூன்றுக்கும் முதலாளி ஒருத்தர்தான்.

"சொந்த வெப்சைட் மட்டும் யார் இடத்தில் இருக்கிறது, அதுவும் வாடகை சர்வர்தானே" என்று தம்பி உட்கார்ந்தபடியே கேட்கிறார். ஆமாம், வாடகைதான். ஆனால் அதில் பேர் வேறு, அதாவது டொமைன் என்கிற வெப்சைட் முகவரி; இடம் வேறு, அதாவது கடை இருக்கிற சர்வர். சர்வர்காரன் சரியில்லை என்றால் கடையைத் தூக்கி இன்னொருவனிடம் வைத்துவிட்டு அதே முகவரியைத் திருப்பிவிடலாம். வாங்குகிறவருக்கு மாறினதே தெரியாது. வருஷா வருஷம் புதுப்பிக்க மட்டும் மறக்கக்கூடாது. இன்னொன்று, கேட்டுக்கொள்ளுங்கள்: வெப்சைட் செய்து தருகிற பையன் அந்த முகவரியைத் தன் பேரில் பதிவு செய்துவிட்டால், நீங்கள் பெரிய வீட்டுக்காரனை விட்டு சின்ன வீட்டுக்காரனிடம் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். நடுவர் ஐயா, சின்ன வீடு என்றதும் எதற்குச் சிரிக்கிறார்கள்? நான் பேசுவது டொமைன் பற்றி.

மதினி இப்போதும் அதே மாதிரித் தளங்களில் படம் போடுகிறார். ஆனால் ஆர்டர் என்று யார் கேட்டாலும் முதலில் பேர், ஊர், போன் நம்பர். அன்று ராத்திரியே நாற்பது பக்க நோட்டில் ஏறிவிடும், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிடுவார். ஒவ்வொரு பார்சலிலும் கையால் எழுதின ஒரு சீட்டு: வீட்டு விலாசம், போன் நம்பர், வெப்சைட் பேர். புதுப் பாய் வந்தால் பழைய ஆட்களுக்கு நேரே செய்தி போகும். அட்வான்ஸ் அடுத்தவர் கணக்கிலிருந்து வந்தால் அந்த நிமிஷமே போன் போட்டு யார் என்று கேட்டுவிடுகிறார். பீரோ மேல் இருக்கிற பாயைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக நோட்டுக்குப் போகிறது என்கிறார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம், ஐயா. எதிரணித் தம்பி தானும் வீட்டிலிருந்து கருப்பட்டி மிட்டாய் விற்பதாகச் சொன்னார், ஐயாயிரம் வாடிக்கையாளர் என்றார். தம்பி, உங்கள் போனை எடுங்கள். அந்தச் செயலியைத் திறக்காமல், உங்களிடம் வாங்கினவர்களில் பத்தே பத்துப் பேருடைய பேரும் நம்பரும் இந்த மேடையில் வாசியுங்கள். வாசித்துவிட்டால் நான் இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் அணிக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நடுவர் ஐயா, அவர் தேடட்டும், அதுவரைக்கும் அடுத்த பேச்சாளரைக் கூப்பிடுங்கள்.